படியில் விழுந்ததாக எழுதியிருந்த பக்கம்

என் தம்பி தன் மனைவியை எண்ணிக்கொண்டே அடித்தான்.

அவள்தான் என் வீட்டுக்கு வந்து சொன்னாள். புரட்டாசி மாதம், வெயில் சாயும் நேரம், காலில் செருப்பில்லை. வலது கன்னம் வீங்கிக் கண்ணைப் பாதி மூடியிருந்தது, கீழுதடு பிளந்து ரத்தம் உலர்ந்து கறுத்திருந்தது. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்தவள், எப்போதும் தெருவுக்கே கேட்கிற குரல். அன்று நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். கன்னத்தில் வைக்கவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள், நீர் முழங்கைவரை வழிந்து தரையில் சொட்டியது.

"எண்றாருங்க அண்ணி. ஒன்னு, ரெண்டு, மூணுன்னு. கோவத்துல கத்திகினு அடிச்சாக்கூட புரியும். மெதுவா எண்றாரு. ஏழுக்கு அப்பறம் எட்ட விட்டுட்டு ஒம்பதுன்னாரு. அப்பறம் நின்னாரு. நின்னுட்டு, மறுபடி ஒன்னுலேருந்து ஆரம்பிச்சாரு."

எங்கள் வீட்டில் அடி புதிதல்ல. நைனா அடிப்பார். பெல்ட்டால், குடைக்கம்பால், கையில் எது வந்ததோ அதால். நான் ஏழாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது என் முதுகில் உடைந்த ஸ்கேலின் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் நைனா எண்ணமாட்டார். அவர் அடி மழை மாதிரி, வரும், கொட்டும், ஓயும். தம்பியின் கைக்கு இந்த எண்ணிக்கை எங்கள் வீட்டிலிருந்து வந்ததில்லை. வேறெங்கோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். எங்கே என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்பதைத்தான் இரண்டு மாதமாகத் தெரியாததுபோல வைத்திருந்தேன்.

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலையடிவாரத்தில் அவன் ஷேர் ஆட்டோவை நிறுத்திவைத்திருந்தான். தடுப்புக் கட்டைகள், மஞ்சள் துணி உடுத்திய கூட்டம், ஆந்திராவிலிருந்து வேன் வேனாக வந்து இறங்கியவர்கள், மயில் இறகும் பூவும் சுமந்த காவடிகள், வெயிலில் கொதிக்கிற தார். வெளியூரிலிருந்து பாதுகாப்புக்கு வந்திருந்த ஒரு அதிகாரி வண்டியைப் பின்னால் எடு என்றார். பின்னால் நான்கு பஸ்கள் ஒட்டி நின்றன. தம்பி சொன்னான், "எங்க சார் எடுக்கறது, பஸ்ஸு மேலயா?" அவர் அறைந்தார். இரண்டாவது அறைக்குக் கை வந்தபோது அந்தக் கையைத் தம்பி பிடித்துவிட்டான். திருப்பி அடிக்கவில்லை, தள்ளவில்லை. மணிக்கட்டைப் பிடித்தான், அவ்வளவுதான் என்று எதிரே பூமாலை விற்ற அம்மாள் பிறகு என்னிடம் சொன்னாள். "புடிச்சிகினு நின்னான் கண்ணு, ஒரு நிமிசம் கூட இருக்காது. அப்பறம் வேன்ல ஏத்திகினு பூட்டாங்க."

ஆந்திர எல்லைப் பக்கத்துச் சாலையில் ஒரு சிறிய ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பெயர் வேண்டாம். பகல் பதினொன்றுக்குப் போனவன். மாலை ஆறரைக்கு அவன் போனிலிருந்தே எனக்கு அழைப்பு வந்தது, குரல் அவனுடையதல்ல. "உங்க தம்பி மலைப்படியில வுழுந்துட்டான். ஆஸ்பத்திரிக்கு வாங்க."

போனேன். ஸ்ட்ரெச்சரில் இல்லை, பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். பாதங்கள் வீங்கிப் பன் ரொட்டிபோல இருந்தன. வலது கையில் இரண்டு விரல்கள் தப்பான பக்கம் திரும்பியிருந்தன. இடது காதிலிருந்து ஒரு மெல்லிய சிவப்புக் கோடு கழுத்துவரை இறங்கியிருந்தது. மருத்துவர் இளையவர், திருவிழாக் கூட்டத்தில் களைத்துப்போயிருந்தார். எப்படி ஆச்சு என்றார். பக்கத்தில் நின்ற காவலர் தம்பியின் பிடரியில் கையை வைத்தபடி, "படியில வுழுந்துட்டாரு டாக்டர்," என்றார். ஒரு நண்பன் வைப்பதுபோலத்தான் கை இருந்தது. கட்டை விரல் மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. தம்பி தலையாட்டினான். மருத்துவர் என்னைப் பார்த்தார்.

"ஆங்," என்றேன்.

இரண்டெழுத்துக்கு மேல் வராத வார்த்தை. யோசித்துச் சொன்னதல்ல. அந்தக் கட்டை விரல் என் கழுத்திலும் இருந்தது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. பொய். என் கழுத்தில் எதுவும் இல்லை.

குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்ததாகச் சின்ன வழக்கு ஒன்று போட்டு அனுப்பினார்கள். கோர்ட்டில் ஆமாம் என்று சொல்லி அபராதம் கட்டிவிட்டு வந்தான். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆட்டோ சீட்டுக்கு அடியில் கஞ்சாப் பொட்டலம் இருக்கும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இதையும் அவன் சொல்லவில்லை. தூக்கத்தில் உளறியதை அவன் மனைவி கேட்டாள்.

இதெல்லாம் போக இன்னொன்று. அந்தப் பங்குனியில்தான் நைனா இறந்திருந்தார். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்பும்வரை மலைக்கோயில் ஏறக்கூடாது. மலைக்குக் கீழேயே வாழ்கிறவர்களுக்கு அது லேசான காரியமல்ல. பல் துலக்கும்போது மலை, பஸ்ஸுக்கு நிற்கும்போது மலை, மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் மலை. எங்கள் அம்மா அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவதைக்கூட நிறுத்தியிருந்தாள். தெருவில் யாரோ அவளிடம் கேட்டிருக்கிறார்கள், "உன் மவன் மலைப்படியில வுழுந்தானாமே, தீட்டு வருசத்துல ஏறினானா?"

அம்மா அவன் கட்டிலருகே வந்து நின்றாள்.

"ஏறினியா?"

அவன் சுவரைப் பார்த்தபடி, "ஏறினேன்," என்றான்.

அவ்வளவுதான். அதன் பிறகு அம்மா அவனுக்குச் சோறு போடவில்லை. மருமகள் போட்டாள். ஒரே வீட்டில் அம்மா மகனின் நிழல்கூடப் படாமல் நடந்தாள். "அந்தாளு செத்து அஞ்சு மாசம் ஆவல," என்று என்னிடம் மட்டும் சொன்னாள், "குடிச்சிட்டு ஏறிகீறான். சாமி உருட்டி வுட்டுது." விழுந்தான் என்ற பொய் அவன் எலும்பை மட்டும் மூடவில்லை, அவன் அம்மாவையும் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது. வலது கையில் ஆக்ஸிலேட்டரைத் திருப்ப முடியாது. ஆட்டோ வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. பகல் முழுக்க கட்டிலில் கிடந்தான், இடது கையால் அடிக்கக் கற்றுக்கொண்டான்.

ஐஸ் முழுதும் உருகிய பிறகு அவன் மனைவி கையை உதறிவிட்டு, "நீங்க படிச்சவங்க. எதுனா பண்ணுங்க," என்றாள்.

நான் படித்தது, அரக்கோணத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் அளவுக்கு. மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், மனு, பதில் மனு. காகிதத்தின் பாஷை தெரியும் என்று எனக்கு ஒரு கர்வம். தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினேன். எழுதும்போது கோபத்தில் பேனா முனை காகிதத்தை இரண்டு இடத்தில் கிழித்தது. என் தம்பி எதற்காக அடிக்கப்பட்டான்? அடித்தவர்கள் யார்? எந்தச் சட்டத்தின் கீழ்? ஒன்பது கேள்விகள்.

ஒரு மாதம் கழித்துப் பதில். கேள்வி வடிவில் கேட்கப்பட்டவை தகவல் என்ற வரையறைக்குள் வராது.

அந்தக் காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். அரக்கோணம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் என் ஸ்கூட்டரைப் பழுது பார்க்கும் பாய் ஒருவர் உண்டு. போலீஸ் ஜீப்புகளும் அவரிடம்தான் வரும், சில சமயம் அவரே ஸ்டேஷன்களுக்குப் போய்ப் பார்ப்பார். தன் தெருச் சாக்கடைக்காக நகராட்சியைத் தகவல் கேட்டே துளைத்தெடுத்தவர் என்று பெயர். கிரீஸ் கையோடு என் காகிதத்தை ஓரத்தில் பிடித்து வாசித்தார்.

"இன்னா மேடம் இது. ஏன் அடிச்சேன்னா கேப்பாங்க அவங்ககிட்ட? ஏன்னு கேட்டா அவன் எதுக்கு சொல்றான், நான் என் சம்சாரத்தையே ஏன்னு கேக்கறதில்ல."

"வேற எப்படி பாய் கேக்கறது?"

"காயிதத்த கேளுங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு பெரிய புக்கு கீது, பொது நாட்குறிப்பு. காலைல யாரு பாரா நின்னாங்க, ஜீப் எத்தினி மணிக்கு போச்சு, யார இட்டுகினு வந்தாங்க, எல்லாம் நேரம் போட்டு எழுதணும். ஜீப் ரிப்பேர்னு என் பேர்கூட அதுல கீது. பொய்ய எழுதினாலும் அதுல தான் எழுதணும். அந்தப் பக்கத்த கேளுங்க. இன்ன தேதி, இந்த மணிலேருந்து இந்த மணி வரைக்கும் நகல் வேணும். அவ்ளோதான். அழாதீங்க, திட்டாதீங்க. பக்கம்."

பிறகு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "எண்ண வச்சாங்களா?"

நான் காகிதத்தை நான்காக மடித்தேன்.

"எந்த ஸ்டேஷன்னு கேக்காதீங்க. ஒரு தபா ஜீப்புக்கு அடியில படுத்துகினு வேல பாத்துகினு இருந்தேன். உள்ள ஒருத்தன் எண்றான். நான் ஏதோ மூட்ட இறக்கறாங்கன்னு நெனச்சேன். பதிமூணுல தப்பு பண்ணான். மொதல்லேருந்து எண்ணுடான்னாங்க. நான் போல்ட்ட முடுக்கிகினே இருந்தேன் மேடம். முடுக்கினது போதும்னு கைக்கு தெரியல. போல்ட்டு முறிஞ்சு பூட்ச்சு."

அன்று மாலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். கரும்பு வயல், நெல் வயல், மறுபடி கரும்பு. சக்கரங்கள் தண்டவாள இணைப்பைக் கடக்கும் ஒவ்வொரு தட்டலையும் மனம் எண்ணத் தொடங்கியது. நிறுத்த முடியவில்லை. திருத்தணி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது விண்ணப்பம் நான்கு வரி. பக்கத்தைக் கேட்டேன். புலன் விசாரணைக்குப் பாதிப்பு வரும், தர இயலாது என்று பதில். அதோடு ஒரு போன்கால், நேரில் வந்துவிட்டுப் போகச் சொல்லி.

தம்பியை வைத்திருந்த அதே ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டுக்கு என் வயது இருக்கும். நெற்றியில் விபூதி. மேசையில் என் விண்ணப்பத்தின் நகல் கிடந்தது, அதன் மேல் டீ கிளாஸ், வட்டமாய்க் கறை. சுவரோரம் பனியனோடு ஒரு மனிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், மோட்டார் திருட்டு சந்தேகமாம்.

"நீதானா அந்தத் தகவல் அம்மா?"

"ஆமாங்க சார்."

"டீ சாப்படறியா? ஆனா அத்தையும் எழுதணும். நாளைக்கு அந்தப் பக்கத்தையும் கேப்ப."

உள்ளேயிருந்து இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை முகத்திலிருந்து கழுவிக்கொண்டிருக்கிறேன்.

"தம்பி நல்லா கீறானா?"

"எடது காது கேக்கலிங்க சார்."

"அப்ப வலது பக்கமா நின்னு பேசு." கிளாஸை நகர்த்தினார். "இதோ பாரும்மா. உங்க ஊர்ல படி ஜாஸ்தி. எத்தினியோ பேர் வுழறான். வுழுந்தவனோட அக்காங்க எல்லாம் லைன்ல வந்து நின்னா நான் எப்ப வேல பாக்கறது? இப்ப இவன் கீறான். இவனுக்கு அக்கா இல்ல. கேட்டுட்டேன்."

எழுந்து போய், நின்றவாக்கில், உள்ளங்கையைக் குழித்து அந்த மனிதரின் காதில் அடித்தார். தண்ணீர்ப்பை உடைவதுபோல ஒரு சத்தம். அவர் பக்கவாட்டில் சாய்ந்தார், மண்டை சுவரில் மோதியது, சுண்ணாம்பு உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. யாரும் சொல்லாமலே மறுபடி நேராக உட்கார்ந்துகொண்டார். இன்னொரு அடி. மறுபடி நேரானார். ஏட்டு என்னைப் பார்த்தபடியே அடித்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். கடிதத்தில் முத்திரை குத்துகிறவனின் முகம்.

வந்து உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "விண்ணப்பத்த வாபஸ் வாங்கறேன்னு எழுதிக் குடுத்துட்டு போ. ஆட்டோக்காரன் சீட்டு அடியில எப்ப இன்னா இருக்கும்னு யாருக்கு தெரியும்?"

நான் எழுதவில்லை. தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த அறையைவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. "வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன் சார்," என்று சொல்லி எழுந்து வந்தேன். வெளியே புளியமரத்தடியில் வாந்தி எடுத்தேன். பாரா நின்ற காவலர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் கொப்பளித்தேன். அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "பூடுங்க அக்கா," என்றார் மெதுவாக, "மேல அப்பீல் போடுங்க. இங்க வராதீங்க."

மேல்முறையீடு போட்டேன். கார்த்திகையில் தம்பி மறுபடி அடித்தான், சோற்றுக் கரண்டியால். அவன் மனைவி துணிப்பையோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "நான் பேசறது கேக்குதா உனக்கு? அவ இன்னா பண்ணா?" அவன் கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தான். நானும் அறைந்தேன். அறைந்த கையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாசி தொடக்கத்தில் மேல்முறையீட்டு அதிகாரியின் முன் என்னைக் கூப்பிட்டார்கள். சத்தமில்லாத மனிதர். கோப்பைப் புரட்டினார். அந்த ரகளை வழக்கு என்னாச்சு என்று கேட்டார்.

"ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டான் சார்."

"அப்ப வழக்கு முடிஞ்சிடுச்சு. முடிஞ்ச வழக்குல விசாரணைக்கு என்ன பாதிப்பு?" நகல் தர மறுத்த அலுவலர் பக்கத்தில் நின்றார், அவரிடம் கேட்டார். நகலைத் தரச் சொல்லி அதிகாரி உத்தரவு எழுதினார். பயந்து ஒப்புக்கொண்டானே, அதே ஒப்புதல்தான் அந்தப் பக்கத்தின் பூட்டைத் திறந்தது.

பதிவுத் தபாலில் வந்தது. இரண்டு பக்கம் ஜெராக்ஸ். பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டுக்கு நடுவே வைத்துப் படித்தேன். காலைப் பதிவுகளில் என் தம்பி இல்லை. பதினொன்றில் இல்லை, பகல் ஒன்றில் இல்லை, அந்த ஏழரை மணி நேரம் அவன் உலகத்திலேயே இல்லை. பிறகு:

"20.10 மணி. மேற்படி நபர் மதுபோதையில், காவடி எடுத்து மலைக்கோயிலுக்குச் சென்று, தரிசனம் முடித்து இறங்கும்போது கால் இடறிப் படிகளில் உருண்டு விழுந்து காயமுற, அவரைப் பாதுகாப்புப் பணியில் இருந்த காவலர்கள் மீட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தனர். உடன் இருந்த சகோதரியும் மேற்படி விவரத்தை உறுதி செய்தார்."

கடைசி வரியில் நான் இருந்தேன். ஆறு மாதம் துரத்திப் பிடித்த காகிதம், எனக்கு எதிராக நானே சொன்ன சாட்சியைக் கொண்டுவந்து தந்தது. அழகான கையெழுத்து, வளைவுகள் சீராக இருந்தன.

அம்மா வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தம்பி கட்டிலில். அவன் மனைவி என்னோடு வந்தவள் நிலைப்படியைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றாள். நான் நடுக்கூடத்தில் நின்று, ஒரு வரி விடாமல், என் வரியையும் சேர்த்து, உரக்கப் படித்தேன். தம்பி எழுந்து பாய்ந்து காகிதத்தைப் பிடுங்க வந்தான். "இன்னாத்துக்கு வாங்கின? கஞ்சா கேஸ் போட்டா நீ வந்து உள்ள குந்துவியா?" அவன் தோள் என் மார்பில் மோதிச் சுவரோடு சாய்த்தது. நைனாவின் படம் கழன்று விழுந்து கண்ணாடி சிதறியது. நான் காகிதத்தை விடவில்லை. அவன் உடைந்த விரல்களால் என் மணிக்கட்டை முறுக்க முயன்றான், அவற்றுக்குப் பலமில்லை.

"இன்னா படிச்ச?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "காவடியா?"

"ஆமாம்மா. காவடி எடுத்துகினு ஏறினான்னு எழுதிகீறாங்க."

அம்மா கீரைக்காம்பைக் கீழே போட்டாள். கண்ணாடிச் சில்லுகளின் மேல் வெறுங்காலோடு நடந்து வந்தாள். எங்கள் வீட்டில் காவடி எடுப்பதென்றால் ஒரே காவடிதான். நைனாவும் அவர் அப்பாவும் தோளில் சுமந்தது. அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும், எங்கள் வகையறாவில் யாரும் தொட்டதில்லை. நைனா போன பதினாறாம் நாள் அம்மா தன் கையால் மஞ்சள் துணி சுற்றி, முடிச்சுப் போட்டு, அதைப் பரணில் ஏற்றியிருந்தாள். அறுபத்தெட்டு வயதில் முக்காலி மேல் ஏறினாள். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். இறக்கிவைத்தாள். தூசி ஒரு விரல் கனத்துக்கு. முடிச்சு போட்டபடியே இருந்தது.

"எத்த தூக்கினு ஏறின?" அவன் முகத்துக்கு நேராகக் கேட்டாள். "சொல்லுடா. எத்த தூக்கினு ஏறின?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். உள்ளங்கையின் கீழ் கண்ணாடி இருந்தது, எடுக்கவில்லை.

"நான் ஏறலம்மா."

பிறகு சொன்னான். பைபர் லத்தி, முதுகில், பிறகு பாதத்தில். கால்களைப் பெஞ்சோடு கட்டி. எண்ணு என்றார்கள். அழுகையில் எண் தவறும், தவறினால் முதலிலிருந்து. ஒரு முறை முப்பத்தொன்றுவரை போனானாம், அப்போது ஒருவருக்குப் போன் வந்தது, பேசிவிட்டு வந்து எதுவரை வந்தோம் என்று கேட்டார்கள், இவனுக்கு மறந்துபோயிருந்தது. விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார்கள். "எந்தக் கையால புடிச்ச, அந்தக் கை." காதில் அடித்தது கடைசியில், சும்மா, போகிறபோக்கில். சொல்லும்போது அவன் குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. அம்மா அவனருகே உட்கார்ந்து அவன் உள்ளங்கையிலிருந்து சில்லுகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினாள். அவள் பாதத்திலிருந்தும் ரத்தம் வந்துகொண்டிருந்தது, இரண்டும் ஒரே தரையில்.

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா?" என்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ ஆங்னு சொன்னியா?"

"சொன்னேன்."

கீரை ஆய்ந்த கையால் என்னை ஓங்கி அறைந்தாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. தலை திரும்பிய திசையில் அவன் மனைவி நிலைப்படியில் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

அன்றே உட்கார்ந்து மாஜிஸ்திரேட்டுக்குப் புகார் மனு எழுதத் தொடங்கினேன். அவன் சொல்லச் சொல்ல, நேரம் போட்டு. ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய் என்பதையும் எழுதினேன். பயத்தில் சொன்னது என்று எழுதிவிட்டுப் பயத்தில் என்பதை அடித்தேன். அம்மா சோறு பிசைந்து அவன் வாயில் ஊட்டினாள். அப்போது அவன் மனைவி உள்ளே வந்தாள்.

"அண்ணி, அந்தப் பேப்பர்ல இத்தையும் எழுதுங்க. வூட்டுக்கு வந்து பொண்டாட்டிய அடிச்சாருன்னு. எண்ணி எண்ணி அடிச்சாருன்னு."

அம்மா நிமிர்ந்தாள். "அது வூட்டு விசயம். கோர்ட்டுக்கு இன்னாத்துக்கு?"

"அவர ஸ்டேஷன்ல அடிச்சதையும் இத்தினி நாளா வூட்டு விசயமாத்தானே வச்சிருந்தாங்க அத்த."

தம்பி வாயிலிருந்த சோற்றை விழுங்க முடியாமல் வைத்திருந்தான். நான் பேனாவை எடுத்தேன். எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வான், இவனே முரடன், குடிகாரன், பெண்டாட்டியை அடிக்கிறவன் என்பான், விழுந்திருக்கத்தான் செய்வான் என்பான். அதெல்லாம் சரியான யோசனைதான். என் கை அந்த வரியை எழுதவில்லை. எழுதாமல் அடுத்த பத்திக்குப் போனேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்கு நின்றாள். தம்பி பையைத் தூக்கிக்கொள்ள வந்தான், தரவில்லை. அவன் பத்தடி தள்ளி, டீக்கடை ஓரமாய், நல்ல காதை எங்கள் பக்கம் வைத்து நின்றான். அவள் குரல் திரும்பி வந்திருந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே போகிற அந்தப் பழைய குரல். பஸ் நிலையத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு ராத்திரி அவரு சட்டைய மொதல்ல கழட்டினவ நான். ரத்தத்துல ஒட்டிகினு இருந்துச்சு, வெந்நீர் வுட்டு வுட்டு உரிச்சேன். முதுவுல கோடு கோடா, ஒன்னுக்கொன்னு பக்கத்துல, தறியில பாவு நூல் ஓட்டின மாரி இருந்துச்சு. படியில வுழுந்தா அப்பிடி வராது. யாரு கேட்டாலும் சொல்வேன்."

"கோர்ட்ல சொல்வியா?" என்றேன்.

"தேதி சொல்லி அனுப்புங்க அண்ணி. சாட்சி சொல்ல வரேன்." பஸ் வந்து நின்றது. பையை முதலில் உள்ளே போட்டாள். "பொண்டாட்டியா வரல."

கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, நேராகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பஸ் திரும்பிப் போன பிறகு தம்பி டீக்கடையிலிருந்து வந்து, நல்ல காது என் பக்கம் இருக்கும்படி, என் இடது பக்கம் நின்றான். நான் பையிலிருந்து மனுவை எடுத்து, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து, சாட்சிகள் பட்டியலில் அவள் பெயரை எழுதி, விலாசத்தில் அவள் அப்பா வீட்டைப் போட்டேன்.